எட்டு மணி நேரத்தில் தீர்ப்பு: சோயா வேருக்குள் நடக்கும் அதிசயங்கள் தெரியுமா?

மீல் மேக்கர் போட்டுக் குருமா வைக்கிறோம். சோயா பால் குடிக்கிறோம். சோயா எண்ணெயில் பலகாரம் பொரிக்கிறோம். ஆனால் அந்தச் சோயா செடி, முளைத்த நாளிலிருந்தே மண்ணுக்கடியில் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடுகிறது என்பது தெரியுமா? அந்தப் போராட்டம், கிருமி தொட்ட எட்டே மணி நேரத்தில் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது என்பது தெரியுமா? அதை அளந்து காட்ட, விலங்குகளின் உடலில் உருவாகும் ஆன்டிபாடிகள்தான் துணைக்கு வந்தன என்பது தெரியுமா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

செடிக்கு ஆன்டிபாடி கிடையாது, தெரியுமா?

நமக்குக் காய்ச்சல் வந்தால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகின்றன. ஒருமுறை பார்த்த கிருமியை உடல் நினைவிலும் வைத்துக்கொள்கிறது. செடிக்கு ரத்தம் இல்லை, ஓடி வர அணுக்கள் இல்லை, ஆன்டிபாடியும் இல்லை. இடம் பெயர்ந்து தப்பவும் வழியில்லை. அப்படியானால் செடிகள் எல்லாம் கிருமிகளுக்கு இரையாகி அழிந்திருக்க வேண்டுமே? அழியவில்லை! ஏனென்றால் செடியின் உயிருள்ள செல் ஒவ்வொன்றும் தன்னைத் தானே காத்துக்கொள்ளக் கற்றிருக்கிறது. கிருமியை அடையாளம் காண்பது, அக்கம்பக்கத்துக்கு எச்சரிக்கை அனுப்புவது, நஞ்சு தயாரிப்பது, தேவைப்பட்டால் தானே செத்துக் கிருமியை முடக்குவது என்று எல்லா வேலையும் அந்தச் சின்னஞ்சிறு அறைக்குள்ளேயே நடக்கிறது!

‘பூஞ்சை’ என்று பெயர் வாங்கிய எதிரி, பூஞ்சையே இல்லை!

சோயாவின் பெரும் பகைவர்களில் ஒருவன் ஃபைட்டோப்தோரா சோஜே. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் 1948-ல் இதன் வேரழுகல் நோய் முதலில் கண்ணில் பட்டது. 1951-ல் ஒஹையோவிலும் தென்பட்டது. 1958-ல் காஃப்மன், கெர்டெமன் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்குப் பெயர் சூட்டினார்கள். மழை விட்டும் நீர் வடியாத களிமண் நிலம் இதற்குக் கொண்டாட்டம். நாற்று சாய்கிறது, வளர்ந்த செடியானால் வேர் அழுகி, தண்டின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பழுப்புப் பட்டை ஏறுகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு நூறு கோடி முதல் இருநூறு கோடி டாலர் வரை இழப்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்!

இழை இழையாக வளர்வதால் நெடுங்காலம் இதைப் பூஞ்சை என்றே வகைப்படுத்தினார்கள். பரம்பரையை ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிவந்தது. இது காளானுக்கு உறவே இல்லை. கடலில் வளரும் பழுப்புப் பாசிக்குத்தான் நெருங்கிய சொந்தம்! பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் முக்கியப் பொருள். இதன் சுவரிலோ குளுக்கன்களும் செல்லுலோஸும். பூஞ்சைக்கென்று தயாரித்த பல மருந்துகள் இதனிடம் பலிக்காததற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

இந்தக் குடும்பத்தை நமக்கும் தெரியும். தென்னையில் குருத்தழுகல், மிளகுக் கொடியில் வாடல் நோய் எல்லாம் ஃபைட்டோப்தோரா பேரினத்தின் கைவரிசைதான். 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொன்றுதான்!

கண் இல்லாத கிருமி, வேரைத் தேடி நீந்தி வருகிறது தெரியுமா?

தடித்த சுவருள்ள வித்துகளாக இது மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். நிலம் ஈரத்தில் ஊறியதும் விழித்தெழுந்து, இயங்கு வித்துகள் என்ற நுண்ணிய நீச்சல்காரர்களை வெளிவிடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழைகள்! மண் துகள்களுக்கு இடையே தேங்கிய நீரில் அவை நீந்துகின்றன. குறிபார்த்துச் சோயா வேருக்கே வந்து சேர்கின்றன. வேரைத் தொட்டதும் கசையிழையை உதிர்த்து, மேலே சுவர் கட்டி, முளைவிட்டு உள்ளே நுழைகின்றன.

கண்ணும் மூக்கும் இல்லாதது எப்படி வழி கண்டுபிடிக்கிறது? 1992-ல் கனடாவின் ஆய்வாளர்கள் மோரிஸ், வார்டு இருவரும் விடை சொன்னார்கள். சோயா வேர் மண்ணில் கசியவிடும் டெய்ட்ஸீன், ஜெனிஸ்டீன் என்ற ஐசோஃப்ளேவோன்கள்தான் இந்த நீச்சல்காரர்களை இழுக்கின்றன!

நண்பனை அழைப்பதும், பகைவனுக்கு வழிகாட்டுவதும், ஆயுதமாவதும் ஒரே பொருள்தான்!

ஆபத்தான இந்தப் பொருளைச் சோயா ஏன் கசியவிட வேண்டும்? நிறுத்திவிடலாமே? முடியாது! காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பிராடிரைசோபியம் பாக்டீரியாவுக்கு வேரில் முடிச்சுப்போட அழைப்பு விடுப்பதும் இதே டெய்ட்ஸீனும் ஜெனிஸ்டீனும்தான். அழைப்பை நிறுத்தினால் உரம் தரும் நண்பன் வரமாட்டான். அந்த அழைப்பைப் பகைவனும் ஒட்டுக்கேட்டுவிடுகிறான்.

வியப்பு இன்னும் முடியவில்லை. எதிரி உள்ளே நுழைந்ததும் அவனைக் கொல்லச் சோயா தயாரிக்கிற மருந்து கிளைசியோலின். அதற்கு மூலப்பொருள் எது தெரியுமா? அதே டெய்ட்ஸீன்! இந்த ஐசோஃப்ளேவோன்களை உருவாக்கும் நொதியின் மரபணுவை 2005-ல் ஆய்வகத்தில் அடக்கிப் பார்த்தார்கள். அந்த வேர்கள் வேரழுகல் கிருமிக்கு எளிதில் இரையாகிவிட்டன!

ஆபத்து வந்த பிறகுதான் மருந்தே தயாராகும், தெரியுமா?

வேம்பின் கசப்பு எப்போதும் இலையில் இருக்கிறது. கிளைசியோலின் அப்படியில்லை. நலமாக இருக்கும் வேரில் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. கிருமி தொட்ட பிறகுதான் செடி அதைப் புதிதாகத் தயாரிக்கத் தொடங்குகிறது. இப்படிப்பட்ட பொருட்களுக்கு ஃபைட்டோஅலெக்சின் என்று பெயர். ஜெர்மனியில் முல்லர், போர்கர் இருவரும் உருளைக்கிழங்கை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து 1940-ல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். அப்போது அப்படி ஒரு பொருளை யாரும் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கவில்லை. பட்டாணியிலிருந்து பைசேட்டின் என்ற முதல் ஃபைட்டோஅலெக்சினை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து அடையாளம் காண 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கருத்து முந்திக்கொண்டது, சான்று இருபது ஆண்டுகள் கழித்து வந்தது!

எதிரியின் சட்டையிலிருந்து உதிர்ந்த ஏழு சர்க்கரை போதும்!

கிருமி வந்துவிட்டது என்று வேருக்கு எப்படித் தெரிகிறது? கிருமியின் செல்சுவர் குளுக்கோஸ் கோத்த சங்கிலிகளால் ஆனது. அதிலிருந்து உதிரும் துணுக்குகளைச் சோயா செல் உணர்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆல்பர்ஷைமின் குழு இந்தத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தது. 1984-ல் அவர்கள் வெளியிட்ட முடிவைப் படித்தால் மலைப்பு வரும். ஏழு சர்க்கரை அலகுகள் கொண்ட துணுக்குகளில் எட்டு வகைகளின் அமைப்பைக் கண்டறிந்தார்கள். எண்ணிக்கை எல்லாவற்றிலும் ஒன்றுதான். கிளைகள் எந்த இடத்தில் ஒட்டியிருக்கின்றன என்பதில் மட்டுமே வேறுபாடு. எட்டில் ஒன்றே ஒன்றுக்குத்தான் சோயா எதிர்வினை காட்டியது! மற்ற ஏழையும் அது பொருட்படுத்தவே இல்லை. மூக்கும் நாக்கும் இல்லாத ஒரு செல்லுக்கு இவ்வளவு நுட்பமான அறிவு!

இங்கேதான் ஆன்டிபாடி உதவிக்கு வருகிறது!

கிருமி வருகிறது, மருந்து தயாராகிறது என்பது சரி. ஆனால் அந்த மருந்துதான் கிருமியைத் தடுக்கிறதா? அல்லது கிருமி ஏற்கெனவே நின்றுபோன பிறகு சும்மா சேர்கிறதா? ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் இது. முழு வேரையும் அரைத்து அளந்தால் சராசரிதான் கிடைக்கும். கிருமி இழை நிற்கிற அதே இடத்தில், அதே நேரத்தில், எவ்வளவு மருந்து இருந்தது என்பதல்லவா கேள்வி? அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு சிறிய அளவை எதை வைத்து அளப்பது?

வழி காட்டியது மருத்துவ உலகம்! அமெரிக்காவில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் ரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்க ஆன்டிபாடியையும் கதிரியக்கத்தையும் இணைத்து ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். ரேடியோ இம்யூனோ அஸே என்று பெயர். ஆன்டிபாடி தனக்குரிய பொருளை மட்டுமே பற்றிக்கொள்ளும். கதிரியக்க அடையாளமிட்ட பொருளையும், சோதிக்க வேண்டிய மாதிரியையும் சேர்த்துக் கொடுத்தால் ஆன்டிபாடியில் இடம்பிடிக்க இரண்டும் போட்டியிடும். கதிரியக்கம் எவ்வளவு குறைவாக ஒட்டியிருக்கிறதோ, மாதிரியில் அந்தப் பொருள் அவ்வளவு அதிகம் என்று பொருள். பெர்சன் 1972-ல் காலமாகிவிட்டார்; 1977-ல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகம் முழுவதும் பயன்பட்ட இந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவே இல்லை!

கிளைசியோலினுக்கு ஆன்டிபாடி தயாரிப்பதில் ஒரு சிக்கல். அது மிகச் சிறிய மூலக்கூறு. எடை 338 டால்டன்தான். இவ்வளவு சிறியதை விலங்கின் உடல் அந்நியப் பொருளாகக் கண்டுகொள்ளாது. இத்தகைய சிறு மூலக்கூறை ஒரு பெரிய புரதத்தின் மேல் ஒட்டி உடலுக்குள் செலுத்துவதுதான் இதற்கு வழி. அப்போது உடல் விழித்துக்கொண்டு, ஒட்டியிருக்கும் சிறு மூலக்கூறுக்கும் சேர்த்தே ஆன்டிபாடி செய்துவிடுகிறது! 1983-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் கிரீஸெபாக்கின் குழு கிளைசியோலினுக்கு இப்படிப்பட்ட அளவீட்டு முறையை உருவாக்கி வெளியிட்டது. செடியின் மருந்தை அளக்க விலங்கின் நோய் எதிர்ப்பாற்றல்!

ஒரே வேர், அடுத்தடுத்த சீவல்கள்: 1985-ன் அற்புதச் சோதனை

இதோ, இந்தக் கதையின் உச்சம்! மைக்கேல் ஹான், அர்னோ பான்ஹாஃப், கிரீஸெபாக் மூவரும் 1985-ல் வெளியிட்ட சோதனை இது. ஹரோசாய் 63 என்ற சோயா ரகத்தை எடுத்துக்கொண்டார்கள். அதன் வேர்களில் சிலவற்றுக்குக் கிருமியின் முதலாம் இனத்தையும், சிலவற்றுக்கு மூன்றாம் இனத்தையும் கொடுத்தார்கள். முதலாம் இனத்தை இந்த ரகம் எதிர்த்து நிற்கும். மூன்றாம் இனத்திடம் தோற்றுவிடும். அதே ரகச் செடி, அதே வகைக் கிருமி. இனம் மட்டுமே வேறு!

பிறகு வேரை உறையவைத்து, சிப்ஸுக்கு வாழைக்காய் சீவுவதுபோல வரிசையாகச் சீவினார்கள். நீளவாக்கில் வெட்டிய சீவலின் தடிமன் 14 மைக்ரோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரில் இப்படி எழுபது சீவல்கள் அடங்கும்! குறுக்குவெட்டுச் சீவல்கள் 42 மைக்ரோமீட்டர். ஒரு சீவலில் கிளைசியோலினை ரேடியோ இம்யூனோ அஸேயால் அளந்தார்கள். அதற்கு அடுத்த சீவலில், கிருமியைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, இழைகள் எங்கே இருக்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மருந்து எங்கே, கிருமி எங்கே என்று இரண்டுக்கும் ஒரே வேரிலிருந்து வரைபடம் கிடைத்துவிட்டது!

என்ன தெரிந்தது? எதிர்த்து நின்ற வேரில், கிருமி தொட்ட 2 மணி நேரத்திலேயே கிளைசியோலின் தென்படத் தொடங்கியது. 5 மணி நேரத்தில் தொற்றிய இடத்தில் கணிசமாகச் சேர்ந்தது. 8 மணி நேரத்துக்குள் மில்லிலிட்டருக்கு 0.6 மைக்ரோமோல், அதாவது சுமார் 0.2 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியது. அந்த அளவுக்கு என்ன சிறப்பு? கண்ணாடித் தட்டில் கிருமியின் வளர்ச்சியை 90 விழுக்காடு முடக்கிப்போடும் அளவு அதுதான்! கிருமி நுழைந்த இடத்தைச் சுற்றி வேரின் புறணிக்குள் பரவியது உண்மை. ஆனால் அந்த வட்டாரத்தைத் தாண்ட முடியவில்லை.

தோற்ற வேரில்? கிருமி வேரின் நடுத்தூணுக்குள் புகுந்து தங்குதடையின்றி ஓடியது. முதல் 14 மணி நேரத்திலும் கிளைசியோலின் சொற்ப அளவே. ஒருசில சீவல்களில் மட்டும் அது தென்பட்டது. அதுவும் கிருமி முதலில் நுழைந்த இடத்தை ஒட்டியே! கிருமியின் முனையோ அதைக் கடந்து வெகுதூரம் போய்விட்டிருந்தது.

இரு வேருக்கும் மருந்து தெரியும். வேறுபாடு எதில் தெரியுமா?

நன்றாகக் கவனியுங்கள். பிழைத்த வேரும் அழுகிய வேரும் ஒரே ரகம். மருந்து செய்யும் திறமை இரண்டுக்கும் உண்டு. மூலப்பொருளும் இரண்டிலும் இருக்கிறது. ஒன்று நேரத்தோடு, கிருமி நிற்கிற இடத்திலேயே, போதுமான அளவில் செய்தது. மற்றொன்று பிந்திவிட்டது. நோய் எதிர்ப்பு என்பது ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்ற கணக்கு மட்டுமல்ல. எப்போது, எங்கே, எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்த கணக்கு. ஆன்டிபாடி என்ற அளவுகோல் கிடைத்ததால்தான் இந்த உண்மை இவ்வளவு துல்லியமாகக் கண்ணுக்குத் தெரிந்தது!

நேரத்தோடு எழுப்புவது யார்?

ஆர்.பி.எஸ். எனப்படும் காவல் மரபணுக்கள்தான்! முதலாவது 1950-களில் கண்டறியப்பட்டது. இன்று முப்பதுக்கு மேல் தெரியும். கிருமி செல்லுக்குள் அனுப்பும் குறிப்பிட்ட புரதம் ஒன்றின் வருகையை இவை உணர்ந்து, உடனே செல்லை எழுப்பிவிடுகின்றன. ஹரோசாய் 63-ல் இருந்த காவலாளி முதலாம் இனத்தை அடையாளம் கண்டது; மூன்றாம் இனத்தைக் காணத் தவறியது. தோல்விக்குக் காரணம் அவ்வளவுதான்.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. அடையாளத்தை மாற்றிக்கொண்டே போகிறது. 55 இனங்கள் வரை எண்களிட்டுப் பட்டியல் போட்டார்கள். அதற்குப் பிறகு பட்டியலே தாங்கவில்லை. வயலில் ஒரு காவல் மரபணு ஏறத்தாழ 8 முதல் 15 ஆண்டுகள்தான் தாக்குப்பிடிக்கும் என்பது அனுபவக் கணக்கு. 2021-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று ஆர்.பி.எஸ்.11 என்ற மரபணுவைப் பிரித்துக் காட்டியது. அதன் நீளம் 27,700 டி.என்.ஏ. எழுத்துகள்! பல இனங்களை ஒருசேர எதிர்க்கும் இந்த ராட்சத மரபணு, புதிய ரகங்களுக்குப் பெரிய நம்பிக்கை.

கிருமி பொய்ப்படையும் அனுப்பும், தெரியுமா?

இது சீனாவின் நான்ஜிங் வேளாண் பல்கலைக்கழகம் 2017-ல் வெளிக்கொணர்ந்த தந்திரம். வேரின் செல்சுவரைக் கரைக்கக் கிருமி ஒரு நொதியை அனுப்புகிறது. சோயா அந்த நொதியைப் பிடித்து முடக்க ஒரு புரதத்தை வெளியே விடுகிறது. உடனே கிருமி என்ன செய்கிறது? தன் நொதியைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் சுவரைக் கரைக்கும் திறன் இல்லாத ஒரு போலியை அனுப்புகிறது! சோயாவின் புரதம் உண்மையான நொதியைவிட அந்தப் போலியை இறுகப் பற்றிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் அசல் நொதி சுவரைக் கரைத்து உள்ளே போய்விடுகிறது. மூளையே இல்லாத ஓர் உயிரிடம் இத்தனை சூழ்ச்சி!

எலியின் ஆன்டிபாடியைச் சோயாவே தயாரித்தது!

இன்னொரு பகைவன் ஃபியூசேரியம் விர்குலிஃபார்மே. இது உண்மையான பூஞ்சை. வேரிலேயே குடியிருக்கும். ஆனால் இலைகள் நரம்புகளுக்கிடையே மஞ்சளாகி, காய்ந்து, உதிர்ந்துவிடும். நோயுற்ற இலையில் தேடினால் பூஞ்சை கிடைக்காது! வேரில் இருந்தபடியே நஞ்சை மேலே அனுப்புகிறது என்பதே விளக்கம். எஃப்.வி.டாக்ஸ்1 என்பது அந்த நஞ்சுகளில் ஒன்று.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மதன் பட்டாச்சார்யாவின் குழு துணிச்சலான வழியில் இறங்கியது. இந்த நஞ்சைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைத் தரும் எலி செல்களிலிருந்து அதற்கான மரபணுச் செய்தியை எடுத்து, ஆன்டிபாடியின் பற்றும் பகுதியை மட்டும் சுருக்கி வடிவமைத்து, சோயாவுக்குள் வைத்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. ஆன்டிபாடியே தெரியாத சோயா, எலியின் ஆன்டிபாடித் துண்டைத் தயாரித்தது. அந்தச் செடிகளின் இலைகள் மற்றவற்றைவிட நோயை நன்றாகத் தாங்கின! 1985-ல் அளவுகோலாக இருந்த ஆன்டிபாடி, 2012-ல் ஆய்வகச் செடிக்குள்ளேயே கேடயமாகிவிட்டது.

சுவரும் ஒரு மருந்துதான்!

காவல் மரபணு தோற்றாலும் சில ரகங்கள் முழுதாக வீழ்வதில்லை. அவற்றுள் ஒன்று கான்ராட். இதன் வேரில் சூபரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் அதிகம். 2008-ல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கிருமி இழைகள் இந்த வேரின் மேல்தோலைத் துளைத்து உள்ளே செல்லக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது தெரியவந்தது. வெறும் சில மணி நேரத் தாமதம்தானே என்கிறீர்களா? எட்டு மணி நேரத்தில் முடிவாகும் போரில் அந்தத் தாமதம் எவ்வளவு பெரிது என்று எண்ணிப்பாருங்கள்! ஒரு குறிப்பிட்ட அடையாளத்தை நம்பியிராத இத்தகைய எதிர்ப்பை ஏமாற்றுவது கிருமிக்கும் கடினம். அதனால்தான் இன்று காவல் மரபணுவையும் இந்தப் பொதுவான தாங்குதிறனையும் ஒரே ரகத்தில் சேர்க்கப் பாடுபடுகிறார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

உயிரியல் படிக்கும் மாணவர்களே, செடிகளின் நோய் எதிர்ப்பு இன்னும் கண்டுபிடிப்புகள் குவிந்து கிடக்கும் துறை; துணிந்து வாருங்கள். விவசாயம் செய்பவர்களே, தோட்டம் வைத்திருப்பவர்களே, எந்தப் பயிரானாலும் இலை வாடியதும் இலைக்கு மட்டும் மருந்து தேடாதீர்கள். நோய் வேரில் இருக்கலாம். ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைக் கழுவிப் பாருங்கள். பழுப்பேறி அழுகியிருந்தால் முதலில் நிலத்தில் நீர் வடிய வழி செய்யுங்கள். அடுத்த பருவத்துக்கு உங்கள் பகுதியின் நோயைத் தாங்கும் ரகம் எது என்று வேளாண் அலுவலரிடம் கேட்டு விதையுங்கள்.